பிழைத்த பிள்ளைகளும் அவர்கள் ஈரலும்

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர் வாய் திறந்து சொன்ன மாத்திரத்தில், குடும்பமே நம்பிக்கை இழந்து இடிந்து உட்கார்ந்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தச் சொல் தரும் நடுக்கம் இன்றும் குறைந்துவிடவில்லை. எனினும், இரண்டு மூன்று வருஷ சிகிச்சையைப் பூரணமாக முடித்து, உதிர்ந்த தலைமுடி மீண்டும் அடர்ந்து வளர, புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் பிள்ளைகளின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. அவர்களிலே பலர் பெருநகரத்துப் பிள்ளைகள் அல்லர். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் கள்ளக்குறிச்சிச் சீமையிலிருந்தும், கோமுகி அணைக்கு அருகே கல்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டிய வடக்கனந்தல் போன்ற ஊர்களிலிருந்தும், அதற்கு மேலே வெள்ளிமலையைச் சுற்றிய மலைக் கிராமங்களிலிருந்தும் பஸ் ஏறிப் போய்ச் சிகிச்சை பெற வேண்டியவர்களும் அவர்களுள் அடங்குவர்.

சிகிச்சை முடிந்த நாளில் தாய் கேட்கும் கேள்வி எந்த ஆஸ்பத்திரியிலும் ஒன்றுதான்: “இனிமே ஒண்ணும் பயம் இல்லீங்களே டாக்டர்?” நோய் திரும்புமா என்பதே அவள் மனத்தில் இருக்கும் பயம். முதல் ஐந்து வருஷங்கள் நோயின்றிக் கழிந்தால் பெரும்பாலான புற்றுநோய்களில் அந்தப் பயம் மிகவும் தணிந்துவிடுகிறது. ஆனால் எட்டு வயதில் குணமடைந்த குழந்தை இன்னும் ஐம்பது அறுபது வருஷங்கள் அதே சரீரத்தைக் கொண்டு வாழ வேண்டும். நோயை அழித்த அதே ஔஷதங்கள் வளரும் அவயவங்களின்மீதும் தம் அடையாளத்தைப் பதித்துவிட்டே செல்கின்றன. அவ்வடையாளம் சிலரிடத்தில் உடனே தெரிகிறது, சிலரிடத்தில் இருபது முப்பது வருஷங்களுக்குப் பிறகே தலைகாட்டுகிறது. இந்த இரண்டாவது விஷயத்தைத் தாயிடம் யாரும் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பதே என் மனக்குறை.

இவ்வளவு பிள்ளைகள் பிழைக்கும் நிலை எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. அந்தச் சரித்திரத்தில் நம் மாகாணத்துக்கும் பங்கு உண்டு. 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்பு அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ரசாயன விஞ்ஞானி, லெடர்லே மருந்துச் சாலையில் தம் சகாக்களோடு போலிக் அமிலத்தையும், அதன் செயலைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களையும் உருவாக்கினார். அப்பொருள்களுள் ஒன்றாகிய அமினோப்டெரினைப் பாஸ்டன் நகரத்துச் சிட்னி பார்பர், ரத்தப் புற்றுநோயால் மரணத் தறுவாயில் இருந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, பதினாறு பேரில் பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதைக் கண்டு, 1948 ஜூன் மாதத்தில் உலகுக்கு அறிவித்தார். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முக்கிய ஸ்தானம் வகிக்கிறது. அதனோடு சேர்ந்து பிரயோகிக்கப்படும் வின்கிரிஸ்டின், நம் ஊர் வேலியோரங்களிலும் மயானங்களிலும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது.

சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தில், அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அந்நிலையமே தம் இல்லமாக வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் குழந்தைகளுக்கான சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்தார்கள். 1980களின் நடுவில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் இயன் மக்ராத்தின் ஒத்துழைப்போடு, அடையாறும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் டில்லி எய்ம்ஸும் சேர்ந்து, ‘எம்.சி.பி. 841’ என்ற ஒரே சிகிச்சை முறையை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கையாண்டன. அதுவரை பத்துக்கு இரண்டு என்ற அளவில் பிழைத்த குழந்தைகள், அதன்பின் பாதி அளவுக்குப் பிழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்களுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலர் தாங்கள் பெற்ற மருந்தின் பெயர் இன்னதென்றுகூட அறியாதவர்களாக இருப்பார்கள்.

இனி ஈரலுக்கு வருவோம். உண்ட உணவின் சாரமும் உட்கொண்ட மருந்தும் குடலிலிருந்து புறப்பட்டு முதலில் வந்து சேரும் இடம் கல்லீரல். மருந்தை உடைப்பதும், மாற்றுவதும், வெளியேற்றத் தக்கதாக்குவதும் பெரும்பாலும் அதன் தொழில். ஆகவே கீமோ என்று மக்கள் சொல்லும் சிகிச்சையின் பாரத்தில் பெரும்பகுதியை அது சுமக்கிறது. ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் ஊசிகள் நிறைந்த முதல் கட்டம் முடிந்து வீடு திரும்பிய பின்னரும், ஏறத்தாழ இரண்டு வருஷங்கள் தினந்தோறும் மெர்காப்டோப்யூரின் மாத்திரையும், வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் விழுங்குகிறார்கள். அந்நாட்களில் எல்.எஃப்.டி. என்னும் ஈரல் பரிசோதனையில் நொதிகளின் அளவு ஏறியும் இறங்கியும் காணப்படுவது சகஜம். மருந்தை நிறுத்திய பின் அநேகமாக எல்லாப் பிள்ளைகளிடமும் அது பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சக்தி மற்ற அவயவங்களைக் காட்டிலும் ஈரலுக்கு மிகுதியாக வாய்த்திருக்கிறது. அதுவே நமக்குப் பெரிய ஆறுதல்.

ஆயினும் எல்லா மருந்தையும் ஈரல் ஒரே விதமாக மன்னித்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய ஒரு பெரிய ஆராய்ச்சியில், மெர்காப்டோப்யூரினுக்குப் பதிலாகத் தியோகுவானின் என்னும் அதன் சகோதர மருந்தைச் சில குழந்தைகளுக்கு நீண்ட காலம் கொடுத்தார்கள். புற்றுநோயை அடக்குவதில் அது சமர்த்தானதே; ஆனால் அப்பிள்ளைகளில் சிலருக்கு ஈரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதுற்று, ஈரலுக்கு ரத்தம் கொணரும் பெருநாளத்தில் அழுத்தம் மிகுந்து, மண்ணீரல் பெருத்துவிட்டது. சிலரிடம் இது சிகிச்சை முடிந்து காலம் சென்ற பிறகே வெளிப்பட்டது. அப்போது சாதாரண எல்.எஃப்.டி. பரிசோதனை பெரிய கோளாறு எதையும் காட்டவில்லை. ஒரு மருந்தின் பெயர் எழுதிய காகிதம் இருபது வருஷங்களுக்குப் பின் ஒருவனுடைய வியாதியைக் கண்டுகொள்ள எவ்வளவு துணை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

சிறுநீரகத்தில் எழும் வில்ம்ஸ் கட்டிக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் நிலை வேறு. கட்டி வலப்பக்கத்தில் இருந்தால், ‘கரண்டு வைப்பது’ என்று நம் ஜனங்கள் குறிப்பிடும் கதிர்வீச்சு, சிறுநீரகம் இருந்த இடத்தை ஒட்டியுள்ள ஈரலின் மீதும் படுகிறது. கூடவே டாக்டினோமைசின் என்ற மருந்தும் சேரும்போது சேதம் அதிகமாகலாம். கதிர்வீச்சால் வரும் தழும்பு மெதுவாக உருவாவது. ஆகவே அவ்விதச் சிகிச்சை பெற்றவர்கள் ஈரல் பரிசோதனையை ஒரு முறையோடு விட்டுவிடலாகாது.

மருந்தைவிடவும் மௌனமாக ஈரலைக் கெடுக்கக்கூடியவை இன்னும் இரண்டு உண்டு. இரண்டும் ஏற்றப்பட்ட ரத்தத்தின் வழியாக வருகின்றன. ஒரு யூனிட் சிவப்பணு ரத்தத்தில் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்புச் சத்து உள்ளது. அதிகப்படியான இரும்பை வெளியேற்ற மனித சரீரத்துக்கு வழியே கிடையாது. பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்ட குழந்தையின் ஈரலிலும் இருதயத்திலும் அது படிந்து நிற்கும். பெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை அதைச் சுட்டிக்காட்டும். இரண்டாவது, ரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிகள். ஹெபடைட்டிஸ் சி கிருமிக்காகத் தானம் பெறும் ரத்தத்தைச் சோதிப்பது நம் தேசத்தில் 2000களின் தொடக்கத்தில்தான் உறுதியாக நிலைபெற்றது. அதற்கு முன் குழந்தைப் பிராயத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டு, இன்று இருபத்தைந்து முப்பது வயதைக் கடந்தவர்கள் ஒவ்வொருவரும், உடம்பில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும், ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒரு முறையாவது ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஹெபடைட்டிஸ் சி இருப்பதாகத் தெரிந்தால் முன்போல் மனம் உடைய வேண்டுவதில்லை: மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குப் பூரண குணம் ஏற்படுகிறது, 2018 ஜூலை 28ஆம் தேதி தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அந்த மாத்திரைகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதற்கும் விரிவானது 2011-12இல். அதற்கு முன் பிறந்தவர்கள் அதைப் போட்டுக்கொள்ளாமலே இருக்கக்கூடும். போட்டுக்கொண்டவர்களிடமும் கீமோ அந்தக் காப்பைக் கரைத்துவிடுவது உண்டு. ஆகவே சிகிச்சை முடிந்த பிறகு தடுப்பூசிகளைத் திரும்பப் போட வேண்டுமா என்று குழந்தை வைத்தியரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஈரலுக்கு வெளியிலிருந்து வரும் தீமைகளைப் பற்றி இந்தச் சீமையில் பேசாமல் இருக்க முடியாது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது உடனே கொல்லும் நஞ்சு; ஆனால் உடனே கொல்லாத சாராயமும் நாள்தோறும் ஈரலைத் தின்றுகொண்டே இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் கீமோவையும் கதிர்வீச்சையும் தாங்கிக்கொண்ட ஈரலுக்குச் சொந்தக்காரன் பதினெட்டு இருபது வயதில் கூட்டாளிகளோடு ஒரு தடவை என்று தொடங்குவது, மற்றவன் தொடங்குவதைவிடப் பன்மடங்கு அபாயமானது. இதைத் தகப்பனார் சொல்லத் தயங்கலாகாது. தகப்பனாரே குடிப்பவராயின், பிள்ளைக்காகவேனும் அவர் முதலில் நிறுத்த வேண்டும். அடுத்தது உடற்பருமன். தலைக்குக் கதிர்வீச்சுப் பெற்ற பிள்ளைகளும், ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்ட பிள்ளைகளும் எளிதில் உடம்பு பெருக்கிறார்கள். அதனோடு சர்க்கரை வியாதியும் ஈரலில் கொழுப்புப் படிவதும் இளவயதிலேயே வந்துவிடுகின்றன. நோயிலிருந்து மீண்ட குழந்தை என்பதற்காகக் கேட்டபோதெல்லாம் தின்பண்டம் வாங்கிக் கொடுத்து, ஓடியாடி விளையாட விடாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பாட்டிமாரின் அன்பு, அன்புதான் என்றாலும், அதற்கு ஓர் எல்லை வேண்டும்.

நாட்டு மருந்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடிக் கஷாயத்தை நாள்தோறும் குடித்த சிலருக்கு ஈரல் அழற்சி உண்டானதை நம் நாட்டு ஈரல் வைத்தியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். இன்ன சரக்குச் சேர்ந்தது என்று சொல்லாமல் விற்கப்படும் சூரணங்களில் ஈயமும் பாதரசமும் கலந்திருப்பதும் உண்டு. ஈரல் ஏற்கனவே ஒரு சோதனையைக் கடந்து வந்த பிள்ளைக்கு, எந்த மருந்தாயினும், இங்கிலீஷ் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையாயினும், வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பதே உத்தமம்.

ஈரலைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், நீண்ட காலக் கணக்கில் உயிருக்கு அதிக அபாயம் தருவது இருதயமே. பிள்ளைகள் ‘சிவப்பு ஊசி’ என்று அடையாளம் சொல்லும் டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் ஆகிய மருந்துகள் இருதயத் தசையின் அணுக்களைச் சேதப்படுத்துகின்றன. இழந்த தசையணுவை ஈரலைப்போல் புதுப்பித்துக்கொள்ள இருதயத்தால் முடியாது. மொத்தம் பெற்ற அளவு, உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமையோ அதற்கு மேலோ எட்டியிருந்தாலும், மார்பில் மிகுதியான கதிர்வீச்சுப் பட்டிருந்தாலும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எக்கோ பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் வைத்தியர்களின் கூட்டமைப்பு வகுத்துள்ள நெறி. வருஷக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்த இருதயம், பிரசவ காலத்தின் கூடுதல் பாரத்தில் திடீரெனத் தளர்ந்துபோவது உண்டு. ஆகவே சிறு வயதில் இம்மருந்து பெற்ற பெண், கர்ப்பமானதும் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் அதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

மறைப்பது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சு வரும்போது, ‘சின்ன வயசுல புத்து இருந்ததாம்’ என்ற ஒரு சொல் வரனைத் தட்டிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். மருத்துவமனைக் காகிதங்களை எரித்துவிடும் குடும்பங்களும் உண்டு. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அன்று; குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை வம்ச வழியாக இறங்குவனவும் அல்ல. இவ்விரண்டு உண்மைகளும் ஊரார் காதில் விழும்வரை அந்தப் பெண்பிள்ளைகள் தங்கள் உடம்பைத் தாங்களே அறியாமல் வாழ்வார்கள். இதில் குற்றம் பெற்றோருடையதைவிட நம்முடையதே அதிகம்.

மற்ற அவயவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து காதின் கூர்மையையும் சிறுநீரகத்தின் திறனையும் குறைக்கலாம். கழுத்தில் பட்ட கதிர்வீச்சு தைராய்டைப் பாதிக்கலாம். ஸ்டீராய்டு எலும்பை மெலிவிக்கலாம். சைக்ளோபாஸ்பமைடு மிகுந்த அளவில் சென்றிருந்தால் பிள்ளைப்பேற்றுக்கு இடையூறாகலாம். தலைக்குப் பட்ட கதிர்வீச்சு படிப்பிலும் வளர்ச்சியிலும் தடையை உண்டாக்கலாம். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. எது வரக்கூடும் என்பது எந்த மருந்து, எவ்வளவு, எந்த வயதில் என்ற மூன்றையும் பொறுத்தது.

இந்த ஆபத்து எவ்வளவு பரவலானது என்பதை விரிவாக எண்ணிப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1970க்கும் 1986க்கும் இடையே நோய் கண்டு பிழைத்த 10,397 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு அறுபத்திரண்டு பேருக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட உபாதை இருந்ததென்றும், நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு மேல் அது கடுமையானதாக இருந்ததென்றும் கண்டார்கள். அக்காலத்துச் சிகிச்சையில் கதிர்வீச்சு மிகுதி. இன்றைய பிள்ளைகளின் நிலை அதைவிட மேலானது. இந்தியாவில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1991லேயே சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. குழந்தையாயிருந்தபோது அங்கே பிழைத்தவர்கள் வளர்ந்து, 2009இல் ‘உகம்’ என்ற சங்கமாகத் திரண்டு, புதிதாக நோயுற்ற குழந்தைகளின் பெற்றோருக்குத் தைரியம் சொல்லி வருகிறார்கள்.

வடக்கனந்தலிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். புதுச்சேரி ஜிப்மருக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். உயிர் ஊசலாடும்போது அந்தத் தூரத்தை எந்தத் தாயும் பொருட்படுத்துவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. பிள்ளை நன்றாக ஓடியாடத் தொடங்கிய பிறகு, ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் ஓர் எக்கோவுக்கும் இரண்டு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து அவ்வளவு தூரம் போவது, கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைக்கும் குடும்பத்தால் எத்தனை வருஷத்துக்கு முடியும்? மலைமேல் உள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு வழி இன்னும் நீளம். ஆகையினால் சிகிச்சை பெருநகரத்தில் நடந்தாலும், அதற்குப் பின் வரும் கண்காணிப்பு கள்ளக்குறிச்சியிலேயே நடைபெற வேண்டும் என்பது என் துணிபு. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்.எஃப்.டி., பெரிட்டின், வயிற்று ஸ்கேன், எக்கோ ஆகியவை மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவில் செய்யக்கூடிய சோதனைகளே. 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்களிடம், அந்தந்த ஊரில் புற்றுநோயிலிருந்து பிழைத்த பிள்ளைகளின் ஜாபிதா ஒன்றையும் கொடுத்துவிட்டால், வருஷம் ஒரு முறை அவர்களை நினைவூட்டி அழைத்து வருவது பெரிய காரியமாகாது. மாதம் ஒரு நாள், சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஒரு குழந்தைப் புற்றுநோய் வைத்தியர் கள்ளக்குறிச்சிக்கு வந்து போக ஏற்பாடு செய்வதும் அரசாங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று.

அந்த ஏற்பாடு வரும்வரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிகிச்சை முடித்து வெளியே வரும் நாளில், குழந்தைக்கு வந்த நோயின் பெயர், கொடுத்த மருந்துகள், ஒவ்வொன்றின் மொத்த அளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு, எத்தனை யூனிட் ரத்தம், செய்த ஆபரேஷன் ஆகிய யாவும் அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எல்லாம் இருக்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். பல வருஷங்களுக்கு முன்பே சிகிச்சை முடிந்திருந்தாலும், பழைய ஓ.பி. நம்பரோடு அதே ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை சென்று கேட்கலாம். வாங்கிய காகிதத்தை நிலப்பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பிள்ளைக்குப் பதினாறு வயது ஆனதும் உட்காரவைத்து, அதில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லி, ஒரு பிரதியை அவன் கையிலோ அவள் கையிலோ கொடுத்துவிடுங்கள்.